பைன் எண்ணெயில் ஓடிய சைக்கிள்

1990களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு மண்ணெண்ணெய்ப் புகை மணத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்த காலம். மோட்டார் சைக்கிள், வான், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷின் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. வெறும் சம்பூ போத்தலுக்குள் கொஞ்சப் பெற்றோல் வைத்திருப்போம். காபரேற்றருக்குள் நாலு துளி பீச்சி, உதைத்து ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு விடுவோம். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். கண் எரியும்.

அப்பாவுக்கு வலிகாமத்தில் ஒரு சின்னக் கராஜ் இருந்தது. தகரக் கூரை, சீமெந்து நிலம், ஒரு வைஸ், இரண்டு ஸ்பனர் பெட்டி. வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் ஹொண்டா. எம்.டி 90, சி.டி 125, பழைய ஹொண்டா ஃபிஃப்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்து பிளக் கழற்றிக் கரி சுரண்டுவது என் வேலை. ஹொண்டா என்பது ஒரு மனிதனின் பெயர் என்று அப்போது எனக்குத் தெரியாது. அது ஏதோ ஓர் ஊரின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

இப்போது இங்கிலாந்தில் என் வீட்டுக் கராஜுக்குள் ஒரு ஹொண்டா எஸ் 800 நிற்கிறது. 1967இல் செய்த சின்ன விளையாட்டுக் கார், கூரை போட்ட கூப்பே வகை. என்னைவிட வயது கூடியது. என்ஜின் 791 சி.சி.தான். ஊரில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிளுக்கு இருக்கும் அளவு. ஆனால் நாலு சிலிண்டருக்கு நாலு காபரேற்றர், மேலே இரண்டு காம் தண்டு, நிமிடத்துக்கு 8,000 சுற்றில் 70 குதிரைவலு. மணிக்கு 160 கிலோமீற்றர் போகும் என்று விற்றார்கள். 2011இல் வாங்கினேன். விலை குறைவு, ஏனென்றால் அடித்தட்டுத் துருப்பிடித்து, கையை விட்டால் மறுபக்கம் தெரிந்தது. அதைத் திருத்தத் தொடங்கியபோதுதான் அதைச் செய்த மனிதரின் வாழ்க்கையையும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்துக்கொண்டு போகையில் 1946ஆம் ஆண்டில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அந்த இடத்துக்கு வருவதற்கு முன் தொடக்கத்திலிருந்து சொல்லவேண்டும்.

சொய்சிரோ ஹொண்டா 1906 நவம்பர் 17இல் ஜப்பானின் ஷிசுவோக்கா மாகாணத்தில் கோமியோ என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பன் கொல்லர், பிறகு சைக்கிள் திருத்தினார். தாய் நெசவு செய்தவர். சின்ன வயதில் ஊருக்குள் முதன்முதலாக ஒரு கார் வந்தபோது பின்னால் ஓடினார். அது நின்ற இடத்தில் நிலத்தில் சொட்டியிருந்த எண்ணெயைக் கையில் தொட்டு மணந்து பார்த்ததாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பத்து வயதில், அமெரிக்க விமானி ஆர்ட் ஸ்மித் ஹமாமட்சு நகரில் விமான சாகசம் காட்ட வருகிறார் என்று கேள்விப்பட்டு, தகப்பனின் பெரிய சைக்கிளை எடுத்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் போய்விட்டார். உள்ளே போகக் காசு காணாது. பக்கத்துப் பைன் மரத்தில் ஏறி இருந்து பார்த்தார்.

15 வயதில், 1922இல், தோக்கியோவில் ஆர்ட் ஷொக்காய் என்ற கார் திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்ததும் கையில் ஸ்பனர் தரவில்லை. முதலாளியின் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு திரியவும் நிலம் துடைக்கவும்தான் விட்டார்கள். எங்கள் ஊர்க் கராஜ்களிலும் பொடியன்களுக்கு முதல் வருடம் அப்படித்தான். அடுத்த வருடம், 1923 செப்டெம்பர் 1இல், தோக்கியோவைப் பெருநிலநடுக்கம் அழித்தது. தீ வந்தபோது திருத்த வந்திருந்த கார்களைக் காப்பாற்றவேண்டி, பதினாறு வயதுப் பொடியன் வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்ரியரிங் பிடித்தார். பழைய வேலையாட்கள் பலர் ஊருக்குப் போய்விட, அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை அவர் கைக்கு வந்தது. அந்தக் கடையில் பழைய கேர்ட்டிஸ் விமான என்ஜினை ஒரு காரின் சட்டத்தில் பூட்டிப் பந்தயக் கார் ஒன்று செய்தார்கள். 1924 நவம்பரில் அது வென்றபோது ஓட்டுநருக்குப் பக்கத்தில் மெக்கானிக்காக இருந்தவர் சொய்சிரோ.

1928இல், 21 வயதில், அதே கடையின் கிளையை ஹமாமட்சுவில் திறந்தார். நல்ல உழைப்பு. மரக் கம்பி போட்ட சில்லுகளுக்குப் பதிலாக இரும்பில் வார்த்து உரிமம் எடுத்தார். காசு வந்தது, குடி, கொண்டாட்டம் எல்லாம் இருந்தது. 1936இல் தாமகாவா பந்தயத் திடலில் காரோடு உருண்டார். பக்கத்தில் இருந்த தம்பிக்கு அவரைவிடப் பெரிய காயம்.

அதன்பின் பிஸ்டன் றிங் செய்யப் போனார். ஒரு கார்த் திருத்துநருக்கு இது விளங்கும் ஆசை. எங்கள் கராஜில் மண்ணெண்ணெய் முதலில் தின்றது றிங்கைத்தான். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும், எண்ணெய் நீர்த்துப்போகும், றிங் தேயும், பிறகு புகை, பிறகு இழுவை இல்லை. புது றிங்குக்கு வழியில்லை. அப்பா கழற்றிப் போட்ட பழைய என்ஜின்களிலிருந்து தேடி, அரத்தால் உரசிப் பொருத்துவார். அந்தச் சின்ன வளையம் எவ்வளவு கஷ்டமான பொருள் என்பது ஹொண்டாவின் கதையைப் படித்தபோதுதான் விளங்கியது. அவர் வார்த்தவை எல்லாம் முறிந்தன. தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு உலோகத்தில் சிலிக்கன் காணாது என்றார். முப்பது வயதில், பொடியன்களோடு வகுப்பில் போய் இருந்தார். தனக்குத் தேவையான பாடத்தை மட்டும் கேட்டார், சோதனை எழுதவில்லை, கல்லூரி நீக்கியது. ரொயோட்டாவுக்குக் கொடுத்த முதல் 50 றிங்கில் 3தான் தேறின. பிழைகளைத் திருத்தி, தொக்காய் செய்க்கி என்ற அவரது கம்பனி பெரிதாக வளர்ந்தது.

வளர்ந்தது போரால். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்துகொண்டு போக எனக்கு மனமில்லை. அந்த றிங்குகள் நக்காஜிமா விமானக் கம்பனிக்கும் போயின. விமானங்களின் மர உந்துவிசிறியை விரைவாகச் செதுக்கும் இயந்திரமும் அவர் செய்து கொடுத்தார். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட வந்த ஜப்பானிய விமானங்களில் நக்காஜிமா செய்தவையும் இருந்தன. ஆண்கள் படைக்குப் போய்விட, பெண்களும் மாணவர்களும் வேலை செய்யக்கூடிய விதமாக அவர் தொழிற்சாலை இயந்திரங்களைத் தானாக இயங்க வைத்தார். அது அவரது கெட்டித்தனம். எதற்காக என்பது வேறு விசயம்.

பிறகு எல்லாம் போனது. ஹமாமட்சுத் தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்தது. இவாட்டாவில் இருந்தது 1945 ஜனவரி 13இல் மிகாவா நிலநடுக்கத்தில் சரிந்தது. ஓகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்தது. தன் பங்குகளை 450,000 யென்னுக்கு ரொயோட்டாவிடம் விற்றுவிட்டு, ஒரு வருடம் ஒரு வேலையும் செய்யப்போவதில்லை என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டார். ஒரு பீப்பா அற்ககோல் வாங்கி, கலந்து, கூட்டாளிகளோடு குடித்தார். மூங்கில் புல்லாங்குழல் ஊதினார். வீட்டை மனைவி சாச்சி பார்த்துக்கொண்டார்.

1946 இலையுதிர் காலத்தில் ஹமாமட்சுவின் எரிந்த நிலத்தில் ஒரு கொட்டில் போட்டு, தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் என்று பெரிய பெயர் வைத்தார். நான் நின்றுவிட்ட இடம் இதுதான். படையினரின் வானொலிப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்த சின்ன என்ஜின்கள் 500 அளவில் மிச்சம் கிடந்தன. ஒரு கூட்டாளியின் வீட்டில் அதில் ஒன்றைக் கண்டதும் சைக்கிளில் பூட்டினால் என்ன என்று யோசித்தார். ரயில்களில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போன காலம். அரிசி தேடிச் சனம் கிராமங்களுக்குச் சைக்கிள் மிதித்தது. முதல் வண்டிக்கு எண்ணெய்த் தாங்கி கிடைக்காமல், குளிர்காலத்தில் படுக்கையில் வைக்கும் வெந்நீர்ப் போத்தலைக் கட்டினார். பெற்றோல் பங்கீட்டில்தான் கிடைத்தது. அதனால் பைன் மரத்திலிருந்து வடிக்கும் எண்ணெயைக் கலந்து ஓடவிட்டார்.

பைன் எண்ணெய். அதை வாசித்ததும் எங்கள் ஒழுங்கையின் வெள்ளைப் புகை எனக்கு மூக்கில் அடித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட இரவுகளும்தான். அங்கே ரேடியோவுக்கு மின் கொடுத்த என்ஜின் சைக்கிளுக்கு வந்தது. எங்களிடம் சைக்கிள் ரேடியோவுக்கு மின் கொடுத்தது.

அந்த வண்டியை முதலில் சனத்துக்கு முன்னால் ஓட்டிக்காட்டியவர் சாச்சி. பெண் ஓட்டினால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கணவர் கணக்குப் போட்டார். அவரோ தன்னிடம் இருந்த நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு சந்தடியான தெருக்களில் ஓடிவிட்டு வந்தார். உடுப்பு முழுக்க எண்ணெய். இது சரிவராது என்று அவர் முறைப்பாடு சொல்ல, காபரேற்றரைத் திருத்தவேண்டி வந்தது. ஹொண்டா கம்பனியின் முதல் தரப் பரிசோதகர் அவர்தான் என்பேன்.

மிச்சக் கதை பலருக்குத் தெரியும். 1948 செப்டெம்பரில் 34 பேரோடு ஹொண்டா மோட்டார் கம்பனி. 1949இல் தக்கேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். காசும் விற்பனையும் அவர் பொறுப்பு, என்ஜின் சொய்சிரோவின் பொறுப்பு. 1954இல் கம்பனி மூழ்கும் நிலையில் இருந்தபோது, மான் தீவில் நடக்கும் உலகப் பெரிய மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் போகப்போகிறோம் என்று அறிவித்தார். 1958இல் சூப்பர் கப் வந்தது. எங்கள் ஹொண்டா ஃபிஃப்டி அந்தக் குடும்பம். 1961இல் மான் தீவில் 125, 250 சி.சி. இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடமும் ஹொண்டாவுக்கு.

என் காரின் கதை அந்த 1961இல் தொடங்குகிறது. கார் செய்யும் கம்பனிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த ஜப்பானிய வர்த்தக அமைச்சு ஒரு சட்டம் கொண்டுவர முனைந்தது. சட்டம் வந்தால் புதிய கம்பனி கார் செய்ய முடியாது. ஒரு கார்கூடச் செய்யாத ஹொண்டா அவசரமாக இறங்கினார். 1962இல் சுசுக்காவில் தன் வியாபாரிகளுக்கு ஒரு சின்ன விளையாட்டுக் காரைக் காட்டினார். குடும்பக் கார் செய்யாமல் விளையாட்டுக் காரோடு தொடங்கியது பைத்தியக்காரத்தனமாகப் பலருக்குப் பட்டது. அவரிடம் இருந்ததோ பந்தய மோட்டார் சைக்கிள் என்ஜின் செய்யும் கை. அதைத்தான் காருக்குள் வைத்தார். சிவப்பு நிறம் தீயணைப்பு வண்டிக்கு மட்டும் என்று அங்கே விதி இருந்தது. சிவப்பில்லாமல் விளையாட்டுக் காரா என்று அதிகாரிகளோடு இழுபட்டு அனுமதி எடுத்தார்கள். 1963 ஓகஸ்ட்டில் சின்ன லொறி, ஒக்ரோபரில் எஸ் 500. விலையை ஊகித்து எழுதச் சொல்லிப் போட்டி வைக்க, 50 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. விலை 459,000 யென். அந்தச் சட்டம் கடைசிவரை நிறைவேறவே இல்லை.

எஸ் 500க்கும் பிறகு வந்த எஸ் 600க்கும் பின் சில்லுகளைச் சுற்றியது சங்கிலி. ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு சங்கிலி, அலுமினியப் பெட்டிக்குள் எண்ணெயில் ஓடும். அந்தப் பெட்டியே சில்லைத் தாங்கும் கை. காரை எடுக்கும்போது பின்பக்கம் எழும்பும். கார் செய்தவர்களின் யோசனையல்ல அது, மோட்டார் சைக்கிள்காரரின் யோசனை. 1966இல் வந்த எஸ் 800இன் முதல் கொஞ்சக் கார்களுக்குப் பிறகு அதைக் கைவிட்டார்கள். என்னுடையதில் சாதாரண அச்சுத்தான். ஆனால் கிராங் தண்டு இன்னமும் மோட்டார் சைக்கிள் முறையில், ஊசிபோல் மெல்லிய உருளைகளின் மேல் சுழல்கிறது. எண்ணெய் அழுக்கானால் மன்னிக்காது. 1,600 கிலோமீற்றருக்கு ஒருதரம் நான் எண்ணெய் மாற்றுவேன். மனைவி சிரிப்பார்.

பிடிவாதம் நல்லதையே செய்யும் என்றில்லை. காற்றால் குளிரும் என்ஜின்தான் சரி என்று சொய்சிரோ விடாமல் நின்றார். 1968இல் அப்படிச் செய்த பந்தயக் கார் ஒன்றை அவரது ஓட்டுநர் ஜோன் சேர்ட்டிஸ், தயாரில்லை என்று ஓட்ட மறுத்தார். அந்தக் காரை ஜூலை 7இல் பிரான்சின் ருவான் திடலில் ஓட்டிய ஜோ ஷ்லெஸ்ஸர் தொடக்கச் சுற்றுகளிலேயே மோதி எரிந்து இறந்தார். அதன் பிறகும் சொய்சிரோ விடவில்லை. 1969இல் காற்றுக் குளிர்விப்போடு ஒரு குடும்பக் கார் வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு அது சரிவராது என்று இளம் பொறியியலாளர்கள் முறையிட்டார்கள். தலைவராக இருக்கப்போகிறீர்களா பொறியியலாளராகவா என்று ஃபுஜிசாவா கேட்டபிறகுதான் வழிவிட்டார். அந்த இளைஞர்கள் நீரால் குளிரும் புது என்ஜின் செய்தார்கள். 1973இல் இரண்டு பேரும் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். தன் பிள்ளைகளை அவர் கம்பனிக்குள் எடுக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு நாடு முழுக்கப் போய்த் தன் வேலையாட்களின் கையைப் பிடித்து நன்றி சொல்லிக்கொண்டு திரிந்தார். எண்ணெய்க் கையை நீட்டத் தயங்கியவர்களின் கையைத்தான் விரும்பிப் பிடித்தாராம். அவரது இடது கை முழுக்கத் தழும்பு. வலது கையால் சுத்தியல் அடிக்கும்போது இடது கைதான் வாங்கும் என்று அந்தக் கையைப் படமாகவே வரைந்து வைத்தார். 1991 ஓகஸ்ட் 5இல், 84 வயதில் இறந்தார். தெருவில் வாகன நெரிசல் வரும் என்று கம்பனிச் சடங்கு வேண்டாம் என்றிருந்தார்.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லாரையும்போல் நாங்களும் வலிகாமத்தை விட்டு நடந்தோம். அப்பா ஒரு ஸ்பனர் பெட்டியை மட்டும் சைக்கிளில் கட்டினார். செம்மணி தாண்டுவதற்குள் அதையும் இறக்கி வைத்துவிட்டு அம்மம்மாவை ஏற்றவேண்டி வந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது தகரமில்லை, வைஸ் இல்லை, என்ஜின்கள் இல்லை. சீமெந்து நிலத்தில் எண்ணெய்க் கறுப்பு மட்டும் இருந்தது. அப்பா அதன்பின் கராஜ் திறக்கவில்லை. ஆரேனும் கேட்டால் பிளக் பார்த்துக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார்.

நான் 1999இல் இங்கே வந்தேன். சமாதானம் பேசிய காலத்தில், 2003 அளவில், தொலைபேசியில் அவருக்கு ஜப்பானைப் பற்றிப் பேசினேன். எங்களுடைய கூட்டங்களிலும் கலியாண வீடுகளிலும் எல்லாரும் சொல்வதுதான்: ஜப்பான் சாம்பலில் இருந்து எழும்பவில்லையா, ஹொண்டா கொட்டிலில் தொடங்கவில்லையா, எங்களுக்கென்ன குறை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்தார்.

அப்போது எனக்கு ஹொண்டாவைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். 450,000 யென் தெரியாது. இடிந்த தொழிற்சாலையை வாங்க ஆள் இருந்தது தெரியாது. அவருக்குப் போர் ஒரு நாளில் முடிந்தது, அதன்பின் யாரும் அவர் ஊர்ச் சனத்தை மறுபடி எழுப்பிக் கலைக்கவில்லை. வண்டி செய்தால் அதே கிழமை வாங்க ஒரு நாடே காத்திருந்தது. முக்கியமாக, ஒரு வருடம் சும்மா இருந்தபோது அவரை யாரும் ஜப்பானைப் பார், ஜேர்மனியைப் பார் என்று கரைச்சல் படுத்தவில்லை. அப்பாவுக்கு இதில் ஒன்றும் இல்லை. 2003இல் இருந்த அமைதியும் மூன்று வருடம்தான் நின்றது.

2013இல் மகள் பிறந்தபோது அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் எங்களோடு வந்து நின்றார்கள். எஸ் 800 அப்போது ஓடும், ஆனால் நிற்கும்போது இருமும். நாலு காபரேற்றரும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். ஒன்று முந்தினால் என்ஜின் குழம்பும். என்னிடம் அதை அளக்க மானி இருந்தது. அப்பா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு முழ நீள ரப்பர்க் குழாய் கேட்டார். ஒரு நுனியைக் காதில் வைத்து, மற்ற நுனியை ஒவ்வொரு காபரேற்றர் வாயிலும் மாறி மாறிப் பிடித்து, இழுவைச் சத்தத்தைக் கேட்டு ஸ்குறூவைத் திருப்பினார். அரை மணித்தியாலம். என்ஜின் ஒரே சீராக நின்றது. என் மானியை வைத்துப் பார்த்தேன். மூன்று சரி, நாலாவதில் மயிரிழை வித்தியாசம்.

அன்றிரவுதான் ஹொண்டாவின் கதையை அவருக்கு முழுதாகச் சொன்னேன். விற்ற காசையும் சும்மா இருந்த வருடத்தையும் சேர்த்து. 2003இல் பேசியது பிழை என்றும் சொன்னேன். அதைக் கேட்டதுபோல் அவர் காட்டிக்கொள்ளவில்லை. வெந்நீர்ப் போத்தலுக்குச் சிரித்தார். பைன் எண்ணெயும் பெற்றோலும் என்ன அளவில் கலந்தது என்று கேட்டார். பிறகு, கேட்காமலே, மண்ணெண்ணெய்க்குத் தான் என்ன செய்தார் என்று சொல்லத் தொடங்கினார். மண்ணெண்ணெய்க்கு அமுக்கம் கூடினால் என்ஜின் தட்டும், அதனால் ஹெட்டுக்குக் கீழே ஒரு கஸ்கெற்றுக்குப் பதில் இரண்டு. அலுமினியத் தகட்டில் கத்தரித்தது. பிளக் இடைவெளி எவ்வளவு, சைலன்சரோடு ஒட்டிக் குழாயைக் கொண்டுபோய் மண்ணெண்ணெயைச் சூடாக்கியது எப்படி. பதினெட்டு வருடமாக இதில் ஒன்றையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மின்சாரக் கட்டணக் கடிதம் வந்த உறையின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். அம்மா வந்து படுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா இன்னும் எம்.டி 90இன் ஹெட்டில்தான் நின்றார்.

அடுத்த நாள் காலை நாலாவது காபரேற்றரைக் கழற்றினோம். ஜெற்றுக்குள் துரும்பளவு துரு இருந்தது.